அம்மா வரல, மாடு இருக்கு

அருளுக்கு அப்பா எழுதுவது.

நீ இளைஞர் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட குடும்ப முகாம் நிகழ்ச்சி நிரலை மூன்று முறை படித்துவிட்டேன். ஆறு பக்கம். முப்பது வருஷம் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே கண்டக்டராக ஓடினவன் நான். எங்கள் டிப்போவில் கொடுத்த டைம் ஷீட்டே அரைப் பக்கம்தான் இருக்கும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம் நின்றால்கூட அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு சமாளித்தோம். நீ ஒரு சனிக்கிழமைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆறு பக்கம் போட்டிருக்கிறாய். பல் விளக்குவதற்குப் பதினைந்து நிமிஷம் என்று அதற்கும் தனியாக ஒரு கட்டம். எங்கள் வயதில் பாதிப் பேருக்கு விளக்க அவ்வளவு பல் இல்லை என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ.

இரண்டு தடவை போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கன்ப்பா, அப்பறம் கூப்புடறன்" என்றாய். பெங்களூரில் அப்புறம் என்றால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ படித்த பிறகு இதை மன்றத்துக் குழுவிலும் போடு. உன்னைத் திட்டியிருக்கும் இடங்களை வெட்டாமல் போடு. அதில் கொஞ்சம் அவர்களுக்கும் சேர வேண்டியது, நிறைய எனக்கே சேர வேண்டியது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை காலையில் நம் மாதா கோயில் வாசலிலிருந்து கிளம்பும் வேனில் உன் அம்மா ஏற வேண்டும். அவள் ஏறாமல் இருப்பதற்கு என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் நீ செய்து வைத்திருக்கிறாய்.

முதலில் உன் நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி சித்தேரி மலை அடிவாரத்தில் மாந்தோப்பு பிடித்து, கூடாரம் போட்டுத் தங்குவதாகப் போட்டிருக்கிறாய், நல்ல இடம். ஞாயிறு பூசை மரத்தடியில் என்று போட்டிருக்கிறாய், அதுவும் எனக்குப் பிடித்தது. மற்றதைப் படிக்கப் படிக்கத்தான் தலை சுற்றியது. 'நம்பி விழு' என்று ஒரு விளையாட்டு. வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க விழ வேண்டுமாம், பிள்ளைகள் தாங்கிப் பிடிப்பார்களாம். ஏன்டா, சர்க்கரையும் முட்டிவலியும் உள்ள ஆளை வேண்டுமென்றே விழச்சொல்லி அன்பைச் சோதிக்க வேண்டுமா? நீ போனை எடுத்தாலே போதும், நான் நம்பிவிடுவேன். அடுத்தது புதையல் வேட்டை. காட்டோரத்துப் புதரில் சீட்டு ஒளித்து வைப்பீர்களாம், குழந்தைகள் கையை விட்டுத் தேடுவார்களாம். அந்தப் புதருக்குள் கையை விட்டால் என்ன புதையல் வரும் என்று அந்தத் தோப்புக்காரரை ஒரு வார்த்தை கேட்டாயா? பிறகு அப்பாக்களுக்குக் கயிறு இழுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் தயிர்சாதம் ஊட்டிக்கொள்வது, பலூனை முதுகுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓடுவது. இதையெல்லாம் எந்த ஊர் கம்பெனியில் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே விளையாடினவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடியிருப்பார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை.

இதைக்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, அதுதான் என்னை எழுத வைத்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி, 'அம்மாக்கள் நேரம்'. எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்து ஓட்டம், நாற்காலி ஆட்டம், பிறகு ஒவ்வொரு அம்மாவும் தன் மனதில் உள்ளதைப் பேச மூன்று நிமிஷம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஊரில் அம்மாக்கள் எங்கே இருப்பார்கள் அருள்? நீ இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டுப் பிள்ளை. காலேஜ் போகிற வரைக்கும் தினமும் அந்த ஐந்து மணியைப் பார்த்தவன். மாட்டுக் கொட்டாயிலிருந்து உன் அம்மா பால் கேனோடு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நீ டியூஷனுக்கே கிளம்புவாய்.

இரண்டு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் ஹாலில் கூட்டம் வைத்தாயே, அங்கேயே இது வெளியில் வந்துவிட்டது. நீ புரொஜக்டர் போட்டு ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"ஏம்ப்பா அருளு, அஞ்சு மணிக்கி எலுமிச்சங்காயி வெச்சிக்கினு ஓடறதுன்னு போட்டிருக்கியே, அந்நேரத்துக்கு எங்க வூட்டுல பாலு யாருப்பா கறக்கறது?"

"ஒரு நாளு தானக்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"நான் பண்ணிக்குவன் சாமி. மாட்டு மடி பண்ணிக்குமா?"

ஹாலே சிரித்தது. நீயும் சிரித்தாய், அடுத்த பக்கத்தைத் தட்டினாய், அதில் பலூன் படம் வந்தது. அக்கா உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கல்லாகக் கட்டிக்கொள்ளும், மாடு தீனி எடுக்காது, காய்ச்சலில் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தவனே அட்ஜஸ்ட் என்கிறானே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் இப்படி ஒரு நிரல் போட்டிருந்தால் பாவம், தெரியாது என்று விட்டிருப்பேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மன்றச் செயலாளர் பிரியாவிடம், யார் யார் வருகிறார்கள் காட்டு என்று கேட்டேன். போனில் நீங்கள் நிரப்பச் சொன்ன படிவங்களைக் காட்டினாள். நம் வீட்டுக்கு நீயே நிரப்பியிருந்தாய். வருபவர்கள் என்ற இடத்தில் அப்பா, நான், அக்கா, மாமா, பாப்பா. வராதவர்கள், காரணம் என்ற இடத்தில், 'அம்மா வரல, மாடு இருக்கு.' நான் அடுத்த வீட்டைப் பார்த்தேன். 'அம்மா வரல, மாடு.' அதற்கடுத்த வீடு, 'அம்மா டவுட்டு, கன்னு போடற நேரம்.' இன்னொரு வீட்டில் காரணமே இல்லை, 'அம்மா வரல' என்று மட்டும் இருந்தது, காரணம் எழுதக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பிரியா திரையைத் தள்ளத் தள்ள அதே வரிதான் வந்தது. கடைசியில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் வந்தது. அம்மாக்கள் நேரத்தில் ஜெயிப்பவர்களுக்குப் பரிசு, எவர்சில்வர் தூக்கு. வராத அம்மாக்களுக்குப் பரிசு வாங்கி என்னடா செய்வீர்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, இதில் பால் ஊற்றி வை என்பீர்களா?

அந்த ஆத்திரத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் வேளாங்கண்ணிப் படம் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு உன்னைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாம் வகுப்பு, மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருப்பாய். உன் அக்கா இரட்டை ஜடை. நடுவில் நான். கடற்கரையில் ஒரு படக்காரர் எடுத்துக் கொடுத்தது. நம் ஊரிலிருந்து பஸ் பிடித்து குடும்பம் குடும்பமாகப் போனோம், ஏற்பாடு முழுக்க நான்தான். யார் யார் வருகிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் எழுதினேன். நம் வீட்டுக்கு மூன்று பெயர் எழுதினேன். உன் அம்மாவிடம் நீ வருகிறாயா என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கேட்காமலேயே பதில் தெரியும் என்று இருந்துவிட்டேன். புறப்படும்போது நான் படிக்கட்டில் நின்று தலை எண்ணினேன், பட்டியலுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது, விசிலை ஊதினேன், பஸ் கிளம்பியது. முப்பது வருஷம் தினமும் தலை எண்ணி டிக்கெட் போட்டவனுக்கு, சொந்த வீட்டுத் தலை ஒன்று குறைகிறது என்று உறைக்கவே இல்லை.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரம்மா எங்கீங்க, காணோமே?" என்று கேட்பார்கள். நான், "போட்டா எடுத்ததே அவதாங்க" என்று சொல்வேன். முதல் தடவை வாய் தவறி வந்தது, அப்புறம் அதுவே பழகிவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அடுப்படியிலிருந்து காப்பி கொண்டு வரும்போது உன் அம்மா அதைக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவையாவது, நான் கடலையே பார்த்ததில்லையே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் நல்ல சமாளிப்புக்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் தாய்மாமா மகள் கல்யாணமும் நினைவுக்கு வந்தது. பூசை முடிந்து பந்தி ஆரம்பிக்கும் முன்பே உன் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் பால் கறக்க நேரத்துக்கு வர முடியாது. நான் ஊரார் முன்னால் சத்தம் போட்டேன், "உங்கண்ணன் வூட்டு விசேஷத்துலயே சாப்புடாம ஓடறியே, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று. அவள் சாப்பிடாமலேயே போனாள். நான் இருந்து பிரியாணியும் சாப்பிட்டு, மாமாவோடு வெற்றிலையும் போட்டுவிட்டு ராத்திரி வந்து சேர்ந்தேன். அவளுக்குப் பதிலாக அந்த பஸ்ஸில் நான் ஏறியிருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர் பெயர் என்று இன்றைக்கும் என் பெயர்தான் இருக்கிறது. மொபட்டில் கேனை வைத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவேன், அதையே என் பங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் மாட்டின் காம்பை நான் தொட்டதில்லை. ஆகவே நீ படிவத்தில் எழுதிய வரி நீயாக எழுதினதில்லை. என்னைப் பார்த்து எழுதியது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"புஷ்பம், கேம்புக்கு நீ வரியா?"

"நான் வந்து அங்க என்னங்க பண்றது?"

"என்னமோ போட்டிருக்கான். எலுமிச்சங்காயி வெச்சிக்கினு ஓடணுமாம்."

"ஓடறதுக்கா அவ்ளோ தூரம் போவணும்? இங்கியே தான ஓடறன்." ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அவளே கேட்டாள், "அங்க காலையில எத்தினி மணிக்கிங்க எழுப்புவாங்க?"

நான் உன் நிரலைப் பார்த்துச் சொன்னேன். ஞாயிறு காலை ஐந்தரை, விசில், அனைவரும் உடற்பயிற்சிக்கு. அவள் சிரித்தாள். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் கட்டிக்கினு வந்ததிலிருந்து நாலரைக்கி எழுந்திரிக்கிறன். உங்களப் பெத்தெடுத்து ஆஸ்பத்திரில கெடந்தன் பாருங்க, பிள்ளைங்களப் பெத்தெடுத்து, அப்பதான் வெளிச்சம் வந்தும் படுத்திருந்தன். ஒரே ஒரு நாளு, வெயிலு மூஞ்சில அடிச்சி எழுந்திரிக்கணுங்க. ஓட்டம் வேணாம், ஆட்டம் வேணாம். அப்பிடி தூங்க உட்டா வரன்." அவசரத்தில் வாய் தவறி என்னையும் பெற்றுவிட்டாள் பார். அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் நான் நாலரைக்கு எழுந்தேன். இதுவரைக்கும் உனக்குச் சொல்லவில்லை, அவளையும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது நானே சொல்கிறேன். நம் மாடு ராணியிடம் பால் கறக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். ராணி என்னைத் தினமும் பார்க்கிறது, நான் சோளத்தட்டு வெட்டிப் போட்டால் தின்கிறது. ஆனால் மடியில் கை வைத்ததும் யாரடா நீ என்கிற மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு உதை விட்டது. சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் 'நம்பி விழு' ஆட்டத்தை அன்றைக்கே ஆடிவிட்டேன், தாங்கிப் பிடிக்கத்தான் யாரும் இல்லை. இரண்டாம் நாள் உதைக்கவில்லை, பாலை அடக்கிக்கொண்டது. அரை மணி நேரம் காம்பை இழுத்தும் சொம்பின் அடி நனையவில்லை. உன் அம்மா போய் உட்கார்ந்து மடியைத் தடவினாள், உடனே சுரந்தது. மாட்டுக்கு அவள் கையும் தெரியும், வாசமும் தெரியும், புடவைத் தலைப்பும் தெரியும்.

"என் நைட்டிய மாட்டிக்கங்க" என்றாள். நான் அவளை முறைத்தேன். "மரியாத பாத்தா பாலு வராதுங்க. எங்கம்மா வூட்டுல எங்கப்பா அப்பிடித்தான் கறப்பாரு."

மாட்டிக்கொண்டேன் அருள். அந்த ஊதாப் பூப்போட்ட நைட்டியை, லுங்கிக்கும் பனியனுக்கும் மேலே. தலையில் அவளுடைய துண்டு. உன் அம்மா ராணியின் கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள், ஏனென்றால் அவளைப் பார்த்தால் ராணி அவளுக்காகக் காத்திருக்கும். மூன்றாம் நாள் கால் சொம்பு. நாலாம் நாள் நான் குனிந்து கறந்துகொண்டிருக்கிறேன், லூர்துமேரி அக்கா உறைமோர் கேட்டு வந்தவள் என் முதுகைப் பார்த்து, "புஷ்பம், கொஞ்சம் ஒற மோரு குடு" என்றாள். நான் திரும்பினேன். அக்கா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சொசைட்டியில் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். பால் ஊற்றும் வரிசையில் எனக்கு இடம் விட்டு, லேடீஸ் முன்னாடி போங்க என்றார்கள். முப்பது வருஷம் நெரிசல் பஸ்ஸில் ஓடியும் இவ்வளவு கேலியை நான் கேட்டதில்லை.

ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி வேலியோரம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "எப்பிடிங்க புடிக்கறது, கட்டவெரல மடக்கியா, நீட்டியா?" என்றார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், எனக்கே ஐந்து நாள் அனுபவம்தான். இன்றைக்கு ஊர் ஆண்களில் எங்கள் ஏழு பேருக்குப் பால் வருகிறது. நாலு பேருக்குப் புடவை, இரண்டு பேருக்கு நைட்டி, அந்தோணிக்கு ஒன்றும் வேண்டாம், அவருடைய மாடு சாது. எங்கள் வீட்டு மாடுகளைக் கறந்துவிட்டு, கறக்க ஆள் இல்லாத வீடுகளை ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். அந்த வீட்டு மாடுகளும் எங்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்று தினமும் போய்த் தவிடு வைத்துவிட்டு வருகிறோம். முந்தாநாள் ராணி எனக்கு முழுசாகச் சுரந்துவிட்டது. சொம்பில் நுரை பொங்கி வழிந்தது. தொட்டிக்குப் பின்னாலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கும் உட்டுட்டாளா?" என்று கேட்டாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள், ஆனால் முகம் என்னமோ போல ஆகிவிட்டது, உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இதிலெல்லாம் நான் இன்னும் தேறவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் ஆறு பக்கத்தில் அப்பாக்களுக்குக் கயிறு இழுப்பதை அடித்துவிடு, கயிறு இழுக்க ஆள் இல்லை, நாங்கள் இங்கே வேறு கயிறு பிடித்துக்கொண்டிருப்போம். கண்ணை மூடி விழுவதையும் புதரில் கை விடுவதையும் அடித்துவிடு. அம்மாக்கள் நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விடு. காலியாக என்றால் காலியாக, வேறு ஒன்றைக் கொண்டு வந்து அதில் அடைக்காதே. அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், காலை நீட்டுவார்கள், பேசாமலும் இருப்பார்கள். மூன்று நிமிஷத்தில் மனதில் உள்ளதைச் சொல் என்று மைக்கை நீட்டினால் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். அதோடு மன்றத்தில் நீங்கள் இருபது பேர் இருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பால் கறக்க வரும் என்று நாளைக்கே குழுவில் கேள். வராதவர்கள் இந்த வாரம் முழுக்கக் காலையில் அவரவர் அம்மாவோடு கொட்டாய்க்குப் போகட்டும். உன் முகாமுக்கு முதல் விளையாட்டு அதுதான். அடுத்த வருஷம் நாங்களும் அம்மாக்களும் வேனில் போவோம், நீங்கள் இருந்து கறப்பீர்கள்.

படிவத்தையும் திருத்து. உன் அம்மா பெயரை வருபவர்கள் பக்கத்தில் போடு. அம்மா என்று போடாதே, மரியபுஷ்பம் என்று முழுப்பெயரைப் போடு. என் பெயரை வராதவர்களில் போட்டு, நேரே காரணத்தையும் உன் கையாலேயே எழுது, அப்பா வரல, மாடு இருக்கு என்று. அதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். பொங்கல் கழிந்து உனக்கும் ஜெனிக்கும் கல்யாணம். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறி வரும், உனக்கும் மீட்டிங் வரும். உங்கள் வீட்டில் மாடு இருக்காது. ஆனால் ஒருத்தர் போக முடியாதபடி கட்டிப்போடுகிற வேலை ஏதாவது ஒன்று வந்து சேரும், குழந்தையோ, நோயாளியோ, நானோ. அப்போது ஒரு பட்டியல் எழுதும் நேரம் வரும். அவளைக் கேட்காமல் அவள் பெயரை விட்டுவிட்டு எழுதாதே. பதில் தெரிந்தாலும் கேள். நான் கேட்டிருந்தால் அவள் எப்போதோ கடலைப் பார்த்திருப்பாள்.

கடைசியாக விசில். நீ என்னை நேரக் கண்காணிப்பாளர் என்று போட்டு, பழைய கண்டக்டர் விசிலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாய். தர முடியாது. அது கொட்டாயில் ராணியைக் கட்டும் தூணில் ஆணியில் தொங்குகிறது, அங்கேயே இருக்கட்டும். ஞாயிறு காலை யாரும் எதையும் ஊதக்கூடாது. சூரியன் மலைக்கு மேலே ஏறி மாந்தோப்புக்குள் வருவதற்கு எத்தனை மணி ஆகும் என்று சனிக்கிழமையே விசாரித்து வை. அவள் கூடாரத்தின் வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும்.

எப்படியும் அவள் நாலரைக்கு எழுந்துவிடுவாள். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகாது. எழுந்து உட்கார்ந்து, ராணி கத்துமே, இவர் கறந்தாரோ இல்லையோ என்று இருட்டில் யோசித்துக்கொண்டிருப்பாள். அதனால் நீ அன்றைக்கு அவளுக்கு முன்னால் எழுந்திரு. தோப்பில் சிக்னல் கிடைக்காது என்று சொல்வாய், தெரியும், மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து நில். அன்றைக்கு நான் நேரத்திலேயே கறந்துவிட்டு நாலே காலுக்கு உனக்குப் போன் செய்கிறேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லாமல் எடு. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தோப்புக்குத் திரும்பி ஓடு. அவள் கூடாரத்துக்கு வெளியே நின்று, "அப்பா கறந்துட்டாரும்மா, படு" என்று சொல்.

உன் முகாமில் நான் கேட்கிற விளையாட்டு இது ஒன்றுதான்.

அப்பா